இஎல்84 வால்வ் (வாக்யூம் ட்யூப்) ஆம்ப்: 100 ஹெர்ட்ஸ் ஹம் (ரீங்கார இரைச்சல்) போகவில்லை

கோவை, 230 வோல்ட். சிங்கிள் எண்டட் ஸ்டீரியோ, கையால் வயரிங் செய்தது: சேனலுக்கு ஒரு இஎல்84 அவுட்புட் வால்வ், இரண்டுக்கும் பொதுவாக அதற்கு முந்தைய நிலையில் ஒரு இசிசி83 வால்வ். இஇசட்81 ரெக்டிஃபையர், அதன்பின் ஃபில்டர்: 47 மைக்ரோஃபாரட், 10 ஹென்றி சோக், 100 மைக்ரோஃபாரட். மூன்று வாரமாக ஹம். 8 ஓம் ஸ்பீக்கர் முனையில் 8 மில்லிவோல்ட். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும், இன்புட் வயரைக் கழற்றினாலும் குறையவில்லை.

இசிசி83-ஐ எடுத்தால் நின்றுவிடுகிறது, அதனால் அவுட்புட் பகுதி காரணமில்லை. இசிசி83-இன் ஹீட்டருக்கு 6 வோல்ட் பேட்டரி கொடுத்தும் மாற்றமில்லை (ஹீட்டர் என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்தானே வரும்). இசிசி83-இன் பி பிளஸ்ஸில் (உயர் வோல்டேஜ் சப்ளையில்) இன்னொரு 47 மைக்ரோஃபாரட் போட்டேன், பலனில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் சென்டர் டேப் நேராக முதல் கெப்பாசிட்டரின் மைனஸுக்கே போகிறது. அங்கிருந்து ஸ்டார் புள்ளிக்கு (எல்லா கிரவுண்டு வயர்களும் சேரும் இடம்) ஒரே வயர்.

முக்கியமான தடயம்: இசிசி83-இன் 2-ஆம் பின்னை (ஒரு சேனலின் கிரிட்) அதே சேனலின் கேத்தோடு ரெசிஸ்டரின் கிரவுண்டு முனையோடு ஷார்ட் செய்தால் அந்தச் சேனல் அமைதி. வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர் கிரவுண்டும் கேத்தோடு கிரவுண்டும் தனித்தனி வயரில் ஸ்டாருக்குப் போகின்றன. கிரவுண்டைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு இப்போது ஸ்டார் புள்ளியில். மெயின்ஸ் எர்த் சேஸிஸில் போல்ட் செய்தது, அதைத் தொடமாட்டேன்.

இரு சேனல் கேத்தோடு கிரவுண்டையும் பொட்டென்ஷியோமீட்டர் கிரவுண்டோடு சேர்த்து ஸ்டாருக்கு ஒரே வயர் விட்டால், சேஸிஸ் இணைப்பை ஸ்டாரிலேயே விடவா, இன்புட் ஜாக் பக்கம் மாற்றவா?