பியட் 1100-க்கு ஸ்டியரிங் கியர் லீவர் தேவை

வணக்கம். உசிலம்பட்டியில் எங்கள் பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே பதினைந்து ஆண்டுகளாகக் கிடந்த 1968 மாடல் பியட் 1100 டிலைட் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இத்தாலியில் உருவாகி, பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த வண்டி. பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியதும் இதுதான். 1089 சிசி எஞ்சின் இறுகிப்போகவில்லை, கையால் சுற்றினால் சுழல்கிறது. அதுவே பெரிய நிம்மதி.

வேதனை வேறு. இடையில் ஒரு பட்டறைக்காரர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்த கியர் லீவரைக் கழற்றிவிட்டு, வண்டியின் தரையில் ஒன்றை நட்டுவிட்டார். முன்னால் மூவர் நெருக்கி உட்காரும் நீள இருக்கையும் போய்விட்டது. பழையவை எங்கே என்று கேட்டால், எடைக்குப் போட்டாயிற்றாம்!

எனக்கு வண்டி பழையபடியே வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டியதில் வெளிர்நீலம் தெரிந்தது, ஆர்.சி. புத்தகத்திலும் அதே நிறம். எனவே அதில் குழப்பமில்லை. அலாய் சக்கரம் போடச் சொல்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஸ்டியரிங் கியர் லீவரின் தண்டுகளும் நீள இருக்கையின் சட்டமும் மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் யாரிடமாவது இருக்கின்றனவா? பழைய பத்மினியில் கழற்றியதானாலும் சரி. துருவின்மேல் பட்டி அப்பி மறைக்காமல், தகடு வெட்டிப் பற்றவைக்கும் டிங்கரிங் மேஸ்திரி யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். படம் அனுப்பினால் வருகிற ஞாயிறே நேரில் வந்துவிடுகிறேன்.