மலைச் சரிவில் 1,200 பிள்ளைகள் முகாம்: பிக்கப், குட்டி யானை, டிராக்டர், பேட்டரி வண்டி எப்படி ஓட்டுவது?

முகாம்_பொறுப்பு:

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் கோத்தகிரிப் பக்கம் நான்கு நாள் சாரணர் முகாம். பிள்ளைகள் 1,200 பேர், ஆசிரியர்கள் தனி. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய புல்வெளி, மூன்று தட்டாக இறங்குகிறது. மேல் தட்டில் சமையல், நடுவில் நிகழ்ச்சி மைதானம், கீழே கூடாரங்கள். தார் ரோடு மேலேயே முடிந்துவிடும். அங்கிருந்து கூடாரம் வரை 300 மீட்டர் மண் பாதை, ஒரு வண்டி போகிற அகலம், இரண்டு வளைவு.

கையில் இருப்பவை: பொலிரோ பிக்கப் ஒன்று, டாடா ஏஸ் (குட்டி யானை) இரண்டு, டிரெய்லரோடு டிராக்டர் ஒன்று, ஆறு பேர் உட்காரும் பேட்டரி வண்டி இரண்டு. தினமும் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர், அரிசி, காய்கறி, சிலிண்டர், குப்பை எல்லாம் இதில்தான் போக வேண்டும். உள்ளே என்ன வேகம் வைப்பது? யாரை ஓட்ட விடுவது? ரோவர் (மூத்த சாரணர்) வயதுப் பையன்கள் சிலர் தங்களுக்கு நன்றாக ஓட்ட வரும் என்கிறார்கள், விடலாமா? 2025 ஜனவரியில் மணப்பாறையில் நடந்த ஜம்போரி (சாரணர் பெருமுகாம்) மாதிரி சமவெளியில் நடத்துவது வேறு, இந்தச் சரிவு வேறு என்று தெரிகிறது. விவரமாகச் சொல்லுங்கள்.

காட்டபெட்டு_லைன்:

வேகத்தைப் பற்றிப் பேசும் முன் வண்டி போய்வரும் நடையைக் குறையுங்கள். ஏஸ் ஏற்றுவது முக்கால் டன். 20 லிட்டர் கேன் 35 ஏற்றினாலே 700 கிலோ ஆகிவிடும். உங்கள் 10,000 லிட்டருக்குக் கீழே 15 நடை, காலியாக மேலே 15 நடை. முகாமில் ஓடும் வண்டியில் பாதிக்கு மேல் தண்ணீருக்காகத்தான் ஓடும். அதை அடியோடு நிறுத்த மலையில் வழி இருக்கிறது. தார் ரோட்டு ஓரத்திலேயே 5,000 லிட்டர் டேங்க் இரண்டு வையுங்கள், அடியில் தரையைச் சமப்படுத்திக் கல் அடுக்கி. தண்ணீர் லாரி ரோட்டில் நின்றபடியே நிரப்பிவிட்டுப் போகட்டும். அங்கிருந்து ஒரு அங்குல ஹோஸை ஓடை ஓரமாக இறக்கி, கீழே பத்துப் பதினைந்து குழாய் பொருத்துங்கள். 100 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் இறக்கம் கிடைத்தால் ஒரு ஹோஸில் மணிக்கு 2,000 லிட்டர் தாராளமாக வரும். வண்டிப் பாதையைக் குறுக்கே கடக்கிற இடத்தில் மட்டும் இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடுங்கள்.

ஏஸில் 1,000 லிட்டர் டேங்கைக் கட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல், பிரேக்குக்கு மீறிய பாரம். பாதி நிரப்பினால் அதைவிட மோசம். வளைவில் திருப்பும்போது தண்ணீர் முழுக்க வெளிப்பக்கம் சாயும், அதே நேரம் பாதையும் வெளிப்பக்கம் சரிந்திருந்தால் வண்டி உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிவிடும். உள்ளே தடுப்பு இல்லாத டேங்க் முழுக்க நிறைந்திருக்க வேண்டும், அல்லது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும்.

மிச்ச நடைக்கு நேரம் குறியுங்கள். பிள்ளைகளும் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் இருக்கவே கூடாது, மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். கொடியேற்றம் முடிந்து எல்லோரும் மைதானத்தில் உட்கார்ந்த பிறகு ஒன்றரை மணி நேரம், மதிய நிகழ்ச்சி நடக்கும்போது ஒரு மணி நேரம். இவ்வளவு போதும். சாப்பாட்டு நேரத்திலும் நிகழ்ச்சி கலையும்போதும் ஒரு சக்கரமும் உருளக் கூடாது, தட்டோடு ஓடுகிற பிள்ளை எந்தப் பக்கமும் பார்க்காது. சாவிகள் எல்லாம் மேலே ஒரே ஆளிடம் இருக்கட்டும். நேரம் வந்தால் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி வைப்பார். பாதையின் இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். கயிறு அவிழ்ந்தால் வண்டி நேரம், கட்டியிருந்தால் நடக்கிற நேரம் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக் காட்டுங்கள்.

வேகம் 10 கிலோமீட்டர், கூடாரம் அருகில் ஆள் நடக்கிற வேகம்.

ஸ்பேனர்_14:

மேலே சொன்னதோடு சரிவைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லில் டயருக்குக் கிடைக்கிற பிடிப்பு காய்ந்த தாரில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. சரிவு ஆறடிக்கு ஓரடி என்றால் அந்தக் கொஞ்சப் பிடிப்பில் பெரும்பகுதி வண்டி வழுக்காமல் நிற்பதற்கே போய்விடும், பிரேக் பிடிக்க மிஞ்சுவது அற்பம். அதனால்தான் மெதுவாக வந்த வண்டிகூட பிரேக் அடித்த பிறகு அப்படியே சறுக்கிப் போகிறது. அளப்பது சுலபம். ஆறடிப் பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையைத் தூக்கி, பலகை மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும் தூக்கிய முனையிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். முக்கால் அடிக்கு மேல் வருகிற புல் சரிவில் எந்த வண்டியும் வேண்டாம். மண் பாதையில் அப்படி வருகிற இடத்தில் ஜல்லி கொட்டி அமுக்குங்கள். சவுக்கு ஊசி இலை, யூகலிப்டஸ் சருகு கிடந்தால் கூட்டித் தள்ளுங்கள், நனைந்தால் எண்ணெய்தான்.

டிசம்பரில் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை ஓயாமல் இருக்கலாம். பாதையின் பள்ளத்துப் பக்க ஓரம் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண், பார்க்கக் கெட்டியாக இருக்கும், நனைந்ததும் பாரத்துக்கு உள்வாங்கும். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்கு வெளியே சக்கரம் போகக் கூடாது என்று வையுங்கள். அந்த ஒரு மீட்டரை விட்டால் வண்டி போக அகலம் போதவில்லை என்றால் பாதையை மேட்டுப் பக்கம் வெட்டி அகலப்படுத்தத்தான் வேண்டும்.

இறங்கும்போது ஏறப் போடுகிற அதே கியர். பாரத்தோடு முதல் கியரில் ஏறினீர்களா, முதல் கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரல் போட்டு உருட்டுவது, எஞ்சினை அணைத்து இறக்குவது இரண்டும் தடை. எஞ்சின் அணைந்தால் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருப்பது இரண்டொரு மிதிக்குத்தான், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் முகாமுக்கு முன்னால் மாற்றுங்கள். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூட்டில் குமிழி விட்டுப் பெடல் பஞ்சாக இறங்கும். ஹேண்ட்பிரேக்கை முழுப் பாரத்தோடு அதே பாதையின் செங்குத்தான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏழெட்டுப் பல் இழுத்தும் வண்டி நகர்ந்தால் கேபிளையும் லைனரையும் பார்க்காமல் அந்த வண்டியைச் சேர்க்க வேண்டாம்.

நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது. மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ், முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் முட்டும்படி திருப்பி, பின்சக்கரம் இரண்டுக்கும் பள்ளத்துப் பக்கம் கட்டை. உருண்டைக் கல் வேண்டாம். ஈரப் புல்லில் கல்லோடு சேர்த்து வண்டி வழுக்கும், எடுக்க மறந்த கல் அடுத்த வண்டியின் சக்கரத்தில் ஏறும். 6 அங்குலச் சதுர மரத்தை ஒரு பக்கம் சாய்வாக அறுத்து, துளை போட்டுக் கயிறு கட்டி, வண்டியின் கொக்கியிலேயே மாட்டிவிடுங்கள். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நேர் கீழே கூடாரம் வரவே கூடாது. இது மட்டும் வரைபடம் போடும்போதே பார்க்க வேண்டிய விஷயம், பிறகு மாற்ற முடியாது.

டிராக்டரைப் பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாளோடு நிறுத்திவிடுங்கள். கம்பம், தகடு, அடுப்புக் கல் எல்லாம் அன்றே இறக்கட்டும். டிரெய்லரில் பிரேக் கிடையாது, இறக்கத்தில் அது டிராக்டரைத் தள்ளும், வளைவில் மடக்கிவிடும். அந்த ஒரு நாளுக்கும் இரண்டு விஷயம்: வயலில் உழும்போது பிரித்து வைக்கிற இடது, வலது பிரேக் பெடலை லாட்ச் போட்டு ஒன்றாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழலும். டிரெய்லரை டிராக்டரோடு மாட்டுகிற இரும்பு ஊசிக்கு (பின்) அடியில் பூட்டுப் பின்னும், தனியாக ஒரு சங்கிலியும் இருக்க வேண்டும். மட்கார்டில் ஒருவரும் உட்காரக் கூடாது.

பாசறை_மணி:

சைகை பற்றி யாரும் சொல்லவில்லை, சாரணர் முகாமில் இது மிகவும் முக்கியம். வண்டிக்கு விசில் ஊத விடாதீர்கள். நம் பஸ்ஸில் ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. ரிவர்ஸ் பார்க்கிறவர் பழக்கத்தில் குட்டிக் குட்டியாக விசில் அடித்து “வா, வா” என்பார். சாரணர் வழக்கத்தில் அடுத்தடுத்து வருகிற குறுகிய விசில் என்றால் ஓடி வந்து கூடு என்று பொருள். அதாவது வண்டி பின்னால் வருகிற இடத்துக்கே பிள்ளைகளைக் கூப்பிட்டதாக ஆகும். ஒரு நீண்ட விசில் அவர்களுக்கு அமைதி, கவனி. வண்டிக்கு அதுவும் பயன்படாது.

பதிலாகப் பகலில் சிவப்பு, பச்சைக் கொடி, மூடுபனியில் டார்ச். சைகை காட்டுகிறவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, ஓட்டுநரின் வலது கண்ணாடியில் முழு உருவம் தெரிகிற இடத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும், தேடிக்கொண்டே பின்னால் வரக் கூடாது. வண்டியின் பின்பக்கத்தைத் தட்டி “ரைட்” சொல்லும் பழக்கம் வேண்டாம், மைக் சத்தத்தில் கேட்காது, விளையாட்டாக ஒரு பிள்ளை தட்டினாலும் வண்டி கிளம்பிவிடும். முடிந்த மட்டும் ரிவர்ஸே இல்லாமல் கீழ்த்தட்டில் திரும்ப ஒரு வட்டம் விடுங்கள்.

மூடுபனி இறங்கினால் டிம் லைட், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். 15 மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். காலையில் உறைபனி படிந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். துணி கொண்டு துடைத்து, முழுக்கத் தெளிந்த பிறகு எடுங்கள், ஓட்டை மாதிரி ஒரு வட்டம் துடைத்துக்கொண்டு கிளம்புவது கூடாது.

சாப்பாட்டுக் கழிவு வண்டி மட்டும் மாலை வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்விட வேண்டும். இருட்டில் கரடியும் காட்டுமாடும் அந்த வாசனைக்கு வரும், அப்புறம் அந்தப் பாதையில் யாரும் நடக்க முடியாது.

முகாம்_பொறுப்பு:

எல்லோருக்கும் நன்றி. டேங்க் யோசனையை எடுத்துக்கொள்கிறோம், டிராக்டர் முந்தின நாளோடு வெளியே. இரண்டு சந்தேகம். பேட்டரி வண்டியைக் கூடாரத் தட்டு வரை இறக்கலாமா? அவசரத்துக்கு எந்த வண்டியை வைப்பது? பையன்கள் ஓட்டுவது பற்றியும் யாராவது உறுதியாகச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_14:

பேட்டரி வண்டி மேல் தட்டோடு நிற்கட்டும். அந்த வகையில் பல வண்டிக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்ந்ததும் பின்சக்கரம் லேசாகி, பிரேக் மிதித்தால் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் போகும். கதவும் கிடையாது, பின்நோக்கி உட்காரும் சீட்டில் இருப்பவர் ஏற்றத்தில் கிளம்பும்போதே நழுவுவார். சத்தம் வராததால் பிள்ளைகளுக்கு வருவதே தெரியாது, ஒரு மணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். சீட்டுக்கு ஓர் ஆள், மடியில் குழந்தை கூடாது. இறங்குகிறவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், சாவி இருந்தால் ஒரு மிதியில் கிளம்பிவிடும். லெட் ஆசிட் பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், கூடாரத்துக்குள்ளோ சமையல் பந்தலுக்குப் பக்கத்திலோ போடாதீர்கள்.

முதலுதவி_நீலகிரி:

அவசர வண்டிக்கு ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாடகைக்கு எடுங்கள். பிக்கப்பைக் காலி செய்து பயன்படுத்தலாம் என்று விட்டால் தேவைப்படும் நேரத்தில் அதில் அரிசி மூட்டை இருக்கும். 108 வண்டி தாழ்வானது, ஈரப் புல்லுக்குள் இறங்கினால் சிக்கும். அதை ரோட்டிலேயே நிறுத்தி, நோயாளியை மேலே கொண்டுவருவதுதான் வழி. ஜீப்பின் முகம் வெளியே போகிற பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும், வேறு எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது, ஓட்டுநர் இரவிலும் வண்டிக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரை முதல் நாளே ஏற்றிப் பாருங்கள், பின்கதவு மூடாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஏற்றத்தில் ஸ்ட்ரெச்சர் சரியும். முன் சீட்டை மடக்கியோ கழற்றியோ இடம் செய்துகொள்ளுங்கள்.

பையன்கள் ஓட்டக் கூடாது. 18 நிரம்பாதவர் கையில் வண்டி போனால் 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 18 தாண்டியவரும் சரக்கு வண்டிக்கு வேண்டாம், வணிக வண்டி ஓட்டச் சட்டப்படியே 20 நிரம்ப வேண்டும். கார் லைசென்ஸில் 7,500 கிலோவுக்குக் கீழான சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது, அதனால் காகிதத்தில் நிறையப் பேர் தேறுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பாரத்தோடு மலையில் ஓட்டிய பழக்கம். காரட், முட்டைக்கோஸ் ஏற்றி மண்டிக்கு ஓட்டுகிற உள்ளூர் ஓட்டுநர்களுக்குக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். சமவெளியிலிருந்து வரும் வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் எடுக்க வேண்டும்.

பிக்கப்பின் பின்னால் பிள்ளைகளை ஏற்றுவது எந்தச் சாக்கிலும் கூடாது, மழை என்றாலும், நூறு மீட்டர்தான் என்றாலும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது, இழப்பீடு முழுக்க வண்டிக்காரர் தலையில் விழும். கால் சுளுக்கிய பிள்ளைக்குக்கூட ஜீப்தான்.

காட்டபெட்டு_லைன்:

இன்னொன்று. கடைசி நாள் கலைகிற நேரத்துக்குத் தனித் திட்டம் போடுங்கள். பிள்ளைகள் பெட்டியோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பந்தல்காரர், பாத்திரக்காரர், டேங்க்காரர் எல்லோரும் வண்டியை இறக்கப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அன்றைக்கே வேறு இடத்தில் வேலை இருக்கும். கடைசிப் பஸ் புறப்பட்ட பிறகுதான் கயிறு அவிழும் என்று வாடகை பேசும்போதே எழுதி வாங்குங்கள், அரை நாள் காத்திருப்புக் கூலியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.