புதுப்பிப்பு: 4294967297 பகா எண் இல்லை

600 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, "இது பகா எண்தான்" என்று போன பதிவில் அடித்துச் சொல்லியிருந்தேன். அவசரக்குடுக்கை வேலை! இன்னும் ஏழே பகா எண்கள் போயிருந்தால் 641 மாட்டியிருக்கும்:

641 × 6700417 = 4294967297.

ஒரே ஆறுதல், கணித மேதை ஃபெர்மாவும் இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர்தான் இதைக் காரணிகளாக உடைத்தார்.

நான் நூற்றுக்கும் மேல் வகுத்ததே வீண். இந்த எண் 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அதனால் இதன் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி பூஜ்யம்.

6700417ஐயும் இதே வழியில் சோதித்தேன், அது பகா எண்தான். ஆக மொத்த வகுத்திகள் நான்கே, கூட்டுத்தொகை 4301668356. பழைய பதிவை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.