டாம் பாம்படில் யார்? அக்கா மகனிடம் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன் மேல் பித்து. அதில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் உண்மையில் யார் என்பதுதான் எங்கள் சண்டை. ஞாயிறு காலை ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் தே தாரேக் ஆடை கட்டும்வரை வாதம்தான்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில் பாம்படில், போட்டவரை மறைய வைக்கும் அந்த மோதிரத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மறையவில்லை! கதாநாயகன் ஃப்ரோடோ அதை மாட்டி மறைந்தபோதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆகவே அவர்தான் படைத்த கடவுள் இலுவதார் என்கிறான் பையன்.

எனக்கு ஒப்பவில்லை. மோதிரத்தை என்ன செய்வது என்று பேசும் எல்ராண்டின் சபையில், மற்றவர்கள் எல்லாரும் வீழ்ந்தால் கடைசியில் பாம்படிலும் வீழ்வார் என்கிறார்களே, கடவுள் வீழ்வாரா? படைத்தவர் இந்தக் கதையில் எங்கும் உருவெடுத்து வரவில்லை என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1954-இல் எழுதிய இன்னொன்றில், வேண்டுமென்றே விட்ட புதிர் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். பையன் அசரவில்லை.

எனக்கு அவர் மண்ணின் ஆவியாகத்தான் படுகிறார். தானே வகுத்த எல்லையைத் தாண்டமாட்டார் என்கிறார் மந்திரவாதி கேண்டால்ஃப். நம் தோட்டத்து எல்லையில் செம்பனைக்கு நடுவே நிற்கும் முனியாண்டி மாதிரி. (பாடிக்கொண்டே திரியும் முனியாண்டி, சரி, கொஞ்சம் இடிக்கிறது.)

அடுத்த மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இருவரும் மோதுகிறோம். மண்ணின் ஆவி என்பதற்குப் புத்தகத்திலேயே வேறு வரிகள் இருந்தால் அத்தியாயத்தோடு சொல்லுங்கள். அப்புறம், டோல்கீன் உலகில் கடவுளுக்குக் கீழே வரும் சிறு ஆவிகளான 'மையார்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? தேவர் என்றால் கூட்டத்தில் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள்.