ஸ்பின்னில் விழுந்த சிறு விமானத்தை மீட்கும்போது கை முந்துவதா, கால் முந்துவதா?

கேள்வி – பயிற்சி விமானி:
வணக்கம். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சியில் இடது இறக்கை சட்டெனச் சரியும்போதெல்லாம் என் கை தன்னிச்சையாகக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பப் போகிறது. பயிற்றுநரோ காலைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார். சக்கரம் அசைக்கும் எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தகட்டை) ஏன் தொடக்கூடாது? விமானம் உண்மையாகவே ஸ்பின்னில், அதாவது ஸ்டால் ஆகிச் சுழன்றபடி கீழே விழத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – பயிற்றுநர்:
உங்கள் பயிற்றுநர் சொல்வது முற்றிலும் சரி. ஸ்பின்னில் ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகியிருக்கிறது. நீங்கள் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால், சரிந்த இடது இறக்கையின் எய்லரான் கீழிறங்கி, அங்கே காற்று மோதும் கோணத்தை மேலும் கூட்டிவிடுகிறது. இறக்கை எழுவதற்குப் பதிலாக இழுவிசை பெருகிச் சுழற்சிதான் வலுக்கும்.

எனவே த்ராட்டிலை (எஞ்சின் விசைக் கட்டுப்பாட்டை) ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குக் கொண்டுவந்து, எய்லரானை நடுவில் வைத்து, சுழலும் திசைக்கு எதிரான ரடர் (வால் சுக்கான்) பெடலைக் கடைசிவரை மிதியுங்கள். உடனே சக்கரத்தை உறுதியாக முன்னே தள்ளுங்கள். கண்ணாடி முழுக்கத் தரையே தெரியும்போது மூக்கை இன்னும் கீழே தள்ள மனம் வராது. ஆனால் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஸ்டால் விலகவே விலகாது. சுழற்சி நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவந்து, டைவிலிருந்து மெதுவாக எழுங்கள். உங்கள் விமானத்தின் கையேடு வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சிர்ரஸ் எஸ்ஆர்22 விமானத்துக்கு, எடுத்துக்காட்டாக, பாராசூட்டை இயக்குவதே கையேடு கூறும் வழி.

பதில் – மற்றொரு விமானி:
ஒரு சேர்க்கை. சுழலும் திசை குழப்பினால் திருப்பத்தைக் காட்டும் கருவியான டர்ன் கோஆர்டினேட்டரில் உள்ள குட்டி விமானத்தைப் பாருங்கள், அதன் அடியிலுள்ள பந்தை நம்பாதீர்கள். வேகமானியையும் பாருங்கள்: வேகம் குறைவாகவே நின்றால் ஸ்பின், விறுவிறுவென ஏறினால் ஸ்பைரல், அதாவது சாய்ந்து வளைந்தபடி வேகமாக இறங்குவது. ஸ்பைரலில் இறக்கைகள் ஸ்டால் ஆகியிருப்பதில்லை. அங்கே எஞ்சின் விசையைக் குறைத்து, எய்லரானாலேயே இறக்கைகளைச் சமன்செய்த பிறகு மூக்கை உயர்த்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தரையிறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில் இது நேர்ந்தால் மீள முடியுமா?

பதில் – பயிற்றுநர்:
பெரும்பாலும் முடியாது என்றே எண்ணிப் பறங்கள். செஸ்னா 152 கையேட்டின்படி ஒரே ஒரு சுற்றுக்கும் மீட்புக்கும் குறைந்தது 1,000 அடி உயரம் ஒதுக்க வேண்டும். கடைசித் திருப்பத்தில் உங்களிடம் அதில் பாதி இருந்தாலே பெரிது. 1912இல் பிரிட்டிஷ் விமானி வில்ஃபிரட் பார்க் ஸ்பின்னில் விழுந்து, எதிர் ரடரை மிதித்துத் தரைக்கு மிக அருகில் மீண்டார் என்பது வரலாறு, ஆனால் அதை நம்பி யாரும் பறக்கக்கூடாது. ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் உட்பக்க ரடரால் மூக்கை இழுத்துத் திருப்பவும் கூடவே சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கவும் தோன்றும். ஸ்பின் தொடங்குவது அந்த இடத்தில்தான். அந்தத் திருப்பத்தைக் கைவிட்டு, முழு விசை கொடுத்து மறுசுற்று போய் வாருங்கள்.