சிவப்புப் பாவாடையின் சாயம் மஞ்சள் கரையில் ஏறிவிட்டது: மீதமுள்ள 13 பாவாடைகளை எப்படித் துவைப்பது?

மலர்க்கரை (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் கோலாட்டம் ஆடவிருக்கும் பிள்ளைகளுக்காக 14 பாவாடைகள் தைத்திருக்கிறேன். பாவாடை அரக்குச் சிவப்புப் பருத்தித் துணி. அடியில் நான்கு விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை. வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துப் பார்த்திருக்க வேண்டும். நாள் குறைவாக இருந்ததால் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். தைத்து முடித்த பிறகு ஒன்றை மட்டும் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் பீட்ரூட் சாறு போல இருந்தது. மஞ்சள் கரை முழுவதும் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது.

மற்ற 13 பாவாடைகள் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. துவைக்காமலே கொடுத்துவிடலாம் என்றால், பிள்ளைகள் மேலே வெள்ளைச் சட்டை அணிந்து வெயிலில் ஆடப்போகிறார்கள். வியர்வையில் இடுப்புப் பகுதி நனைந்து சட்டையிலும் சாயம் ஏறிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்கிறார்கள் சிலர், வினிகர் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

லயத்துவீடு:

தங்கச்சி, எங்கள் அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்திலிருந்து தீபாவளிக்கு எடுக்கும் புதுத்துணி எதுவானாலும் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்த பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, தனியாக அலசி, லயத்துத் தாழ்வாரத்து நிழலில்தான் உலர்த்துவார். அவர் துவைத்த துணியில் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஒட்டி நான் பார்த்ததில்லை. நீங்கள் இரவு முழுவதும் ஊறவைத்ததுதான் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

நூல்கண்டு (பத்து பகாட்):

துணி ஆலையின் சாயப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அக்கா சொன்ன மூன்று செய்திகளில் இரண்டு மிகச் சரியானவை: தனியாக அலசுவதும், ஈரத்தோடு போட்டு வைக்காமல் உடனே உலர்த்துவதும். அம்மாவின் துணிகளைக் காப்பாற்றியவை அவைதான். உப்பைப் பற்றி மட்டும் நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலையில் பருத்திக்குச் சாயமேற்றும்போது உப்பைக் கொட்டுவோம். ஆனால் அது சாயத்தைப் பூட்டுவதற்காக அல்ல, நீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்காக. வீட்டில் துவைக்கும் நீரில் உப்பு இருந்தால், சிவப்பிலிருந்து கழன்று வரும் சாயம் பக்கத்திலுள்ள மஞ்சள் நூலில் போய் உட்கார அதே உப்பு துணைசெய்யும். ஒரே நிறத் துணிக்கு அதனால் கெடுதல் தெரியாது. உங்கள் பாவாடைக்குத் தெரியும். வினிகர், பட்டுக்கும் கம்பளிக்கும் பயன்படுத்தும் அமிலச் சாயங்களுக்கு ஓரளவு உதவும். பருத்திக்கு அதனால் பயனில்லை.

இப்போது உங்கள் துணிக்கு வருகிறேன். பருத்திக்கு இரண்டு வகைச் சாயங்கள் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று 1956இல் விற்பனைக்கு வந்த வினைபுரி சாய வகை; அது நூலோடு வேதிப் பிணைப்பாக ஒட்டிக்கொள்வதால் கெட்டிச் சாயம். ஆனால் சாயமேற்றும்போது ஒரு பகுதி பிணையாமல் நூலின்மீது சும்மா தங்கிவிடும். ஆலையில் அதைக் கொதிநீரில் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கைவைப்பது அந்த இடத்தில்தான். மற்றது நேரடிச் சாயம். அது நூலில் தளர்வாகவே ஒட்டியிருப்பதால் எத்தனை முறை துவைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்களிடம் வெட்டுத்துண்டுகள் மீதம் இருக்குமே! ஒரு சிவப்புத் துண்டோடு மஞ்சள் துண்டையும் வெள்ளைத் துண்டையும் தைத்து, முதலில் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். பிறகு கொதிநீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் 60 டிகிரிக்குச் சற்று மேலே வரும். அதில் சில சொட்டுத் திரவச் சோப்பு விட்டு, குச்சியால் அசைத்துக்கொண்டே பத்து நிமிடம் வைத்து, சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி நான்கு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரின் நிறம் குறைந்துகொண்டே வந்தால் போவது பிணையாத மிச்சச் சாயம் மட்டுமே. அது போன பிறகு துணி நிற்கும். நான்காவது முறையும் முதல் முறைபோலவே சிவந்து வந்தால் அது தளர்ந்த சாயம்; சுடுநீரை நிறுத்திவிட்டு, சாயம் நிறுத்தும் திரவம் கிடைத்தால் பயன்படுத்துங்கள், கிடைக்காவிட்டால் கரையைப் பிரித்துவிட்டுச் சிவப்புக் கரையே வைத்துவிடுங்கள்.

சுடுநீர் என்றால் பயப்படுவீர்கள். மிச்சச் சாயம் சூடான, நிறைய தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கவே விரும்பும். குறைந்த தண்ணீரில் அசையாமல் ஆறிப்போய்க் கிடக்கும்போதுதான் அடுத்த துணியைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் வாளியில் அன்றிரவு நடந்ததும் அதுதான்.

வியர்வைக்கும் ஒரு சோதனை உண்டு. ஆலைகளில் வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்து, 37 டிகிரியில் 4 மணி நேரம் பாரத்தின் கீழ் வைத்து, வெள்ளையில் ஏறிய சாயத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் துளியும் ஏறவில்லை. நீங்கள் உப்பு கலந்த தண்ணீரில் நனைத்து, இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும்.

செம்பனை நிழல்:

கெட்டுப்போன அந்த ஒரு பாவாடையை இஸ்திரி போட்டுவிடாதீர்கள் அக்கா. என் மகளின் பள்ளிச் சட்டையில் ஏறிய சாயத்தை ஆக்சிஜன் வெளுப்புத் தூளைக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து எடுத்தேன். ஆனால் அது முழு வெள்ளை. மஞ்சளில் செய்வதானால் துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், மஞ்சளும் சேர்ந்து வெளுக்கலாம். குளோரின் வெளுப்பான் பக்கமே போக வேண்டாம், அதை வினிகரோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

மலர்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. துண்டுகளை நேற்றே சோதித்தேன். முதல் சுடுநீர் அடர்சிவப்பு, இரண்டாவது ரோஜாப்பூ நிறம், நான்காவதில் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தால்தான் நிறம் தெரிந்தது. மஞ்சள் துண்டு மஞ்சளாகவே இருக்கிறது. அம்மிக்குழவியின் கீழே வைத்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய சாயல் இருந்ததால், ஐந்தாவது முறையும் அலசுவது என்று முடிவு செய்தேன்.

இன்று காலை பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரு தடவைக்கு இரண்டு பாவாடைகளாக ஆறு துவைத்துவிட்டேன். பிற்பகலில் மழை வந்துவிட்டதால், லயத்துவீடு அக்கா சொன்னபடி தாழ்வாரத்தில் ஒன்றோடொன்று படாமல் விரித்துப் போட்டிருக்கிறேன். மீதி ஏழையும் நாளை துவைத்துவிடுவேன். கெட்டுப்போன பாவாடைக்கு வெளுப்புத் தூளைத் துண்டில் பார்த்தேன், மஞ்சளும் மங்கிவிட்டது. அதனால் அந்தக் கரையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் துணி இன்னும் அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது, இந்த முறை அதை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டப்போகிறேன்.