மலிவான கம்பியில்லா மாட்யூல்: எதை எடுக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து கீழ்த்தளத்துக்கு அனுப்பும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர் ஏடிமெகா328, 3.3 வோல்ட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 4 பைட் போனால் போதும். ஆனால் பேட்டரி ஓராண்டாவது தாங்க வேண்டும். இடையில் இரண்டு கான்கிரீட் தளங்கள்.

முதலில் என்ஆர்எஃப்24எல்01+ என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா மாட்யூல் வாங்கினேன். மேசைமேல் அருமையாக வேலை செய்தது. மாடிக்குக் கொண்டுபோனதும் பாதித் தகவல் வந்து சேரவில்லை. மின்சாரம் போகும் இரு பின்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தேன், வேகத்தை 250 கிலோபிட்டுக்குக் குறைத்தேன். நன்றாகவே தேறியது. ஆனாலும் படிக்கட்டின் இரும்புக் கதவைச் சாத்தினால் தொடர்பு அறுந்துவிடுகிறது.

ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் பக்கம் போக மனமில்லை. அனுப்பும்போது 170 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

எனவே சுவர்களை எளிதாகத் தாண்டும் குறைந்த அதிர்வெண்ணான 433 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கலாம் என்று நினைக்கிறேன். எச்சி-12 (HC-12) மாட்யூலுக்குச் சீரியல் இணைப்பே (அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி) போதும், நிரல் எழுதுவது எளிது. எஸ்எக்ஸ்1278 லோரா (நெடுந்தூரக் கம்பியில்லா முறை) மாட்யூலுக்கு எஸ்பிஐ (SPI) என்ற, கம்பிகள் கூடுதலான இணைப்பு வேண்டும், ஆனால் உறக்கத்தில் ஒரு மைக்ரோஆம்பியர்கூட எடுக்காது. என் மனம் லோரா பக்கமே சாய்கிறது.

எச்சி-12-ஐ உறங்கவைத்து எழுப்பிப் பேட்டரியில் நீண்டநாள் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஆன்டெனாவுக்கு, கூடவே வரும் சுருள் கம்பி போதுமா, 17 சென்டிமீட்டர் நேர்க்கம்பி வைப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.